எமது வழக்கைக் கேட்கும் நீதவானை நியமிப்பவர் யார்?

காணி வழக்கொன்றோடு கல்முனைக் கோட்டுக்கு வரும் குடும்பம் மூன்று விடயங்களை மனப்பாடமாக வைத்திருக்கும்: சட்டத்தரணியின் பெயர், அடுத்த தவணைத் திகதி, அன்றைய செலவு. ஆசனத்தில் அமர்ந்திருக்கும் நீதவானை அங்கே அமர்த்தியவர் யார் என்பது மட்டும் அநேகருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் வதந்தி குடியேறுகிறது. "அவர் மந்திரியின் ஆள்", "எம்.பி. ஒரு சொல் சொன்னால் போதும்", "எனக்குத் தெரிந்த ஒருவர் ஐயாவோடு கதைப்பார், கொஞ்சம் செலவாகும்" என்ற பேச்சுக்கள் தேநீர்க் கடையிலும் பஸ் நிலையத்திலும் உலவுகின்றன. வயலையும் வளவையும் விட்டு ஓடிவந்த குடும்பம், கழுத்தில் மிஞ்சிய நகையை அடகு வைத்து அந்தத் தரகரின் கையில் காசைக் கொடுக்கிறது.

ஆகவே இவ்விதழில், எமது பகுதி நீதிமன்றங்களுக்கு நீதிபதிகள் எவ்வாறு தெரிவு செய்யப்படுகின்றனர், அரசியல்வாதிகளுக்கு அதில் எவ்வளவு பங்குண்டு, எமக்கு எவ்வளவு பங்குண்டு என்பவற்றை நோக்குவோம். பணத்தையும் காலத்தையும் காப்பாற்றக்கூடிய அறிவு இது.

சுதந்திரத்தின்போது போடப்பட்ட வேலி

1947 இல் நடைமுறைக்கு வந்த சோல்பரி அரசியலமைப்பு, நீதவான்களையும் மாவட்ட நீதிபதிகளையும் நியமிக்கும், இடமாற்றும், ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்கும் அதிகாரத்தை நீதிச்சேவை ஆணைக்குழுவிடம் ஒப்படைத்தது. பிரதம நீதியரசர் அதன் தலைவர். அவரோடு இன்னும் இருவர். பாராளுமன்ற உறுப்பினர் எவரும் அதில் இருக்க முடியாது. ஆணைக்குழுவின் முடிவைத் தம் பக்கம் திருப்ப முயல்வதே தண்டனைக்குரிய குற்றம் என்றும் எழுதப்பட்டது. வயலுக்கு மாடு வராமல் வேலி போடுவதைப் போன்றதே இந்த ஏற்பாடு.

வேலி எவ்வளவு உறுதியானது என்பது 1960களில் சோதிக்கப்பட்டது. 1962 ஜனவரியில் முறியடிக்கப்பட்ட இராணுவச் சதி தொடர்பான வழக்கை விசாரிக்கவென்று பாராளுமன்றம் தனிச் சட்டமொன்றை இயற்றியது. விசாரிக்கும் மூன்று நீதியரசர்களையும் நீதி அமைச்சரே பெயர் குறிக்கலாம் என அச்சட்டம் கூறியது. அமைச்சரும் பெயர் குறித்தார். அவ்வாறு அமர்ந்த ரி. எஸ். பெர்னாண்டோ, எல். பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா ஆகிய மூவரும் அதே ஆண்டு ஒக்டோபரில், தம்மைப் பெயர் குறிக்கும் அதிகாரம் அமைச்சருக்கு இல்லை, ஆகவே இவ்வழக்கைக் கேட்கும் அதிகாரம் தமக்கும் இல்லை எனத் தீர்ப்பளித்தனர். தம்மைத் தெரிவு செய்த கையே தவறான கை என்று நீதிபதிகளே சொன்ன தீர்ப்பு அது. பின்னர் சட்டம் திருத்தப்பட்டு, அப்பொறுப்பு பிரதம நீதியரசருக்கு மாற்றப்பட்டது.

1964 இல் லண்டன் பிரிவுக் கவுன்சில், இலஞ்ச ஒழிப்பு நியாயசபை உறுப்பினர்களின் நியமனம் செல்லாது எனத் தீர்த்தது. அவர்கள் நீதிபதியின் வேலையைச் செய்தார்கள், ஆனால் நீதிச்சேவை ஆணைக்குழு அவர்களை நியமிக்கவில்லை என்பதே காரணம்.

இதே காலத்தில் கல்முனையின் பெயரும் சட்டப் புத்தகங்களில் ஏறியது. கல்முனைப் பாராளுமன்ற உறுப்பினராக இருந்த கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர் உட்படச் சிலரின் குடியியல் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றைப் பாராளுமன்றம் 1965 இல் நிறைவேற்றியது. இலஞ்ச விசாரணை ஆணைக்குழு ஒன்றின் அறிக்கையே அதற்கு அடிப்படை. சட்டம் இயற்றும் சபை, ஆட்களின் பெயரைச் சொல்லித் தண்டிப்பது நீதிமன்றத்தின் வேலையைப் பறிப்பதாகும் என அவர் வாதாடினார். 1967 இல் பிரிவுக் கவுன்சில் அவ்வாதத்தை ஏற்கவில்லை. அவர் தோற்றாலும், அவர் எழுப்பிய கேள்வி எமது மண்ணிலிருந்து எழுந்த முக்கியமான கேள்வி: பாராளுமன்றம் எங்கே நிற்க வேண்டும், நீதிமன்றம் எங்கே தொடங்க வேண்டும்?

வேலி பிரிக்கப்பட்ட ஆறு ஆண்டுகள்

1972 மே 22 இல் வந்த குடியரசு அரசியலமைப்பு வேறொரு விடை தந்தது. மக்கள் தெரிவு செய்யும் தேசிய அரசுப் பேரவையே அரச அதிகாரத்தின் உச்ச பீடம், நீதி அதிகாரமும் அதனுடையதே, நீதிமன்றங்களின் மூலம் பேரவை அதைச் செலுத்துகிறது என்றது. அதன்படி பழைய ஆணைக்குழு மறைந்து, கீழ் நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும் அதிகாரம் அமைச்சரவைக்குப் போயிற்று. நீதிச்சேவை ஆலோசனைச் சபை ஒன்று பெயர்ப் பட்டியல் கொடுக்கும். பட்டியலில் இல்லாத ஒருவரை அமைச்சரவை நியமித்தால், அப்பட்டியலையும் அதனை ஏற்காத காரணத்தையும் பேரவையில் சமர்ப்பிக்க வேண்டும். அவ்வளவுதான் தடை.

இதற்கும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. மக்கள் வாக்களித்து அனுப்பியவர்கள் நீதிபதியைத் தெரிவு செய்தால், அதற்கு அவர்கள் மக்களிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கொழும்பிலே மூன்று பேர் மூடிய அறையில் தெரிவு செய்தால் யார் பதில் சொல்வது? இக்கேள்வியை நாம் தட்டிக்கழிக்க முடியாது. எனினும் வாக்குப் பெட்டியில் எப்போதும் எண்ணிக்கை பெரியவர் பக்கமே வெற்றி. இடம்பெயர்ந்த குடும்பம் வாக்காளர் இடாப்பில் பழைய ஊரில் இருக்கும், உயிரோடு புதிய ஊரில் இருக்கும். அதன் வாக்குக்கு இரண்டு ஊரிலும் மதிப்புக் குறைவு. வாக்கைப் பார்த்து நீதிபதியைத் தெரிவு செய்யும் முறையில் அக்குடும்பத்துக்கு என்ன பலம் இருக்க முடியும்?

இன்றைய ஏற்பாடு

1978 அரசியலமைப்பு நீதிச்சேவை ஆணைக்குழுவை மீண்டும் கொண்டுவந்தது. பிரதம நீதியரசர் தலைவர். உயர் நீதிமன்ற நீதியரசர் இருவர் உறுப்பினர். நீதவான், மாவட்ட நீதிபதி ஆகியோரை நியமிப்பதும், இடமாற்றுவதும், பதவி நீக்குவதும் இவர்களே. சட்டத்தரணிகளிடமிருந்து விண்ணப்பம் கோரி, பரீட்சையும் நேர்முகமும் நடத்தி ஆட்களைச் சேர்க்கின்றனர். மேல் நீதிமன்ற நீதிபதிகளை இந்த ஆணைக்குழுவின் விதப்புரையின் பேரில் ஜனாதிபதி நியமிக்கிறார். கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, பொத்துவில் நீதிமன்றங்களில் அமர்பவரைத் தெரிவதில் எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும், அமைச்சருக்கும், அமைப்பாளருக்கும் சட்டத்தில் இடமில்லை.

மாகாண சபைக்கும் இல்லை. 1987 இல் வந்த 13 ஆவது திருத்தம் மாகாண சபைகளையும் மாகாண மேல் நீதிமன்றங்களையும் உருவாக்கியது. பெயரில் மாகாணம் இருந்தாலும், அந்நீதிமன்றத்துக்கான நீதிபதியைப் பெயர் குறிப்பவர் பிரதம நீதியரசரே.

அரசியலின் கை மேலே, ஒரு படி தள்ளி நிற்கிறது. உயர் நீதிமன்ற நீதியரசர்களையும் ஆணைக்குழுவின் ஏனைய இரு உறுப்பினர்களையும் ஜனாதிபதி நியமிக்கிறார். அதற்கு யாருடைய சம்மதம் வேண்டும் என்பதே 2001 முதல் மாறி மாறி வந்திருக்கிறது. 2001 இல் 17 ஆவது திருத்தம் அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டுமென்றது. 2010 இல் 18 ஆவது திருத்தம் அதனை நீக்கியது. 2015 இல் 19 ஆவது திருத்தம் மீட்டது. 2020 இல் 20 ஆவது திருத்தம் மீண்டும் நீக்கியது. 2022 இல் 21 ஆவது திருத்தம் மறுபடி மீட்டது. இந்தப் பேரவையில் 10 பேர். 7 பேர் பாராளுமன்ற உறுப்பினர்கள், 3 பேர் வெளியார்.

கடதாசியில் உள்ள வேலியும் சாயக்கூடியது என்பதற்கு 2012 ஒரு பாடம். அவ்வாண்டு செப்டம்பரில் தன்மீது அழுத்தம் வருவதாக ஆணைக்குழு பகிரங்க அறிக்கை விட்டது. ஒக்டோபரில் அதன் செயலாளர் தாக்கப்பட்டார். 2013 ஜனவரியில் ஆணைக்குழுவின் தலைவரான பிரதம நீதியரசர் ஷிராணி பண்டாரநாயக்க பாராளுமன்றத்தினால் பதவி நீக்கப்பட்டார். 2015 ஜனவரியில் அந்நீக்கம் செல்லாது எனக் கொள்ளப்பட்டு அவர் மீண்டும் ஆசனத்தில் அமர்ந்து, அடுத்த நாளே ஓய்வு பெற்றார். ஆகவே அரசியல் அழுத்தமே கிடையாது என நாம் சொல்லவில்லை. சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை, நாமும் கொடுக்கக்கூடாது என்றே சொல்கிறோம்.

சட்டசபையே தெரிவு செய்யும் நாடு

உலகில் வேறு முறையும் உண்டு. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் நீதிபதிகளை மாநில சட்டசபையின் இரு அவைகளும் வாக்களித்துத் தெரிவு செய்கின்றன. கீழ் நீதிமன்ற நீதிபதிக்கு 6 ஆண்டுப் பதவிக் காலம். அது முடிந்ததும் மீண்டும் சபையின் வாக்கு வேண்டும். தென் கரோலினா மாநிலத்திலும் சட்டசபையே தெரிவு செய்கிறது. விண்ணப்பிப்போரை முதலில் ஒரு தகுதி ஆய்வுக் குழு விசாரித்து வடிகட்டும். அங்கே கிராமத்துக்கு மிக நெருங்கிய நீதவானை ஆளுநர் நியமிக்கிறார், மேற்சபை சம்மதிக்க வேண்டும். நடைமுறையில் அந்தப் பகுதியின் மேற்சபை உறுப்பினர் யாரை விரும்புகிறாரோ அவரே நீதவான்.

இம்முறையின் நன்மை, விண்ணப்பதாரியைப் பகிரங்கமாகக் கேள்வி கேட்கலாம் என்பது. தீமை என்ன? சட்டசபை உறுப்பினர் பலர் சட்டத்தரணிகள். இன்று சபையில் ஒரு நீதிபதிக்கு வாக்களித்தவர், நாளை அதே நீதிபதியின் முன் கட்சிக்காரருக்காக வாதாடுகிறார். எதிர்ப்பக்கத்து ஏழையின் மனம் என்ன பாடுபடும்? தீர்ப்பு நேர்மையாக இருந்தாலும், அவர் நம்புவாரா? அந்த மாநிலத்திலேயே இக்குறை பல காலமாகப் பேசப்படுகிறது. எமது கரையோரத்திலும் சட்டத்தரணிகள் பலர் பாராளுமன்றம் போயிருக்கிறார்கள். அந்த முறை இங்கே வந்தால் எப்படியிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப் பார்க்கலாம்.

காதி நீதிபதி

முஸ்லிம் குடும்பங்களுக்கு மிக அருகில் உள்ள நீதிபதி காதியாரே. 1951 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி அவரையும் நியமிப்பது நீதிச்சேவை ஆணைக்குழுவே. பள்ளிவாசல் நிர்வாகமோ கட்சியோ அல்ல. நன்னடத்தையும் தகுதியுமுள்ள முஸ்லிம் ஆண் ஒருவரை நியமிக்கலாம் என அச்சட்டம் கூறுகிறது. விவாகரத்து, தாபரிப்பு, மஹர், கைக்கூலி ஆகியன அவர் முன் வருகின்றன. சட்டத்தரணி அங்கே தோன்ற முடியாது. பெண் தானே பேச வேண்டும். தீர்ப்பில் திருப்தியில்லையெனில் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம்.

எமது கரையோரத்தில் வீடும் வளவும் பெண் பிள்ளைக்குச் சீதனமாகப் போவது வழமை. இடம்பெயர்வில் அவ்வீடு போய்விட்டால், குடும்பப் பிணக்குத் தோன்றும்போது பெண்ணின் கையில் இருப்பது தாபரிப்பு உரிமை ஒன்றே. ஆகவே காதியாக வருபவர் யார் என்பது அவளுக்குச் சோற்றுப் பிரச்சினை. பெண்களையும் காதியாக நியமிக்கலாமா என்பதை, நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009 இல் அமைந்த குழு நீண்ட காலம் ஆராய்ந்தது. 2018 இல் அறிக்கை கையளிக்கப்பட்டபோது, இதில் உறுப்பினர் இரு பிரிவாகவே நின்றனர். இது முஸ்லிம் சமூகம் தனக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விடயம். அப்பேச்சில் இடம்பெயர்ந்த பெண்களின் குரலும் கேட்க வேண்டும் என்பது மட்டும் எமது விருப்பம்.

நாமே தெரிவு செய்யக்கூடிய இடம்

நீதவானைத் தெரிவதில் எமக்குப் பங்கில்லை. ஆனால் ஓரிடத்தில் உண்டு. அது மத்தியஸ்த சபை.

இதற்கு முன் இணக்க சபைகள் இருந்தன. 1958 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அவை கிராமத்துச் சிறு பிணக்குகளைத் தீர்க்க அமைக்கப்பட்டன. உறுப்பினரை நியமித்தவர் நீதி அமைச்சர். காலப்போக்கில் கட்சிக்காரருக்கே அந்த ஆசனங்கள் போகின்றன என்ற குறை வளர்ந்தது. மக்கள் நம்பிக்கை இழந்தனர். 1978 இல் அவை ஒழிக்கப்பட்டன. நல்ல மரம், நட்ட இடம் பிழை.

அந்தப் பாடத்தைக் கற்றே 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டம் வந்தது. நியமனம் அமைச்சரிடமிருந்து எடுக்கப்பட்டு 5 பேர் கொண்ட ஆணைக்குழுவிடம் கொடுக்கப்பட்டது. அவர்களில் மூவராவது உயர் நீதிமன்றத்திலோ மேன்முறையீட்டு நீதிமன்றத்திலோ நீதியரசராக இருந்தவராக இருக்க வேண்டும். அரசியல் சார்பற்ற அமைப்புக்களிடமிருந்து ஆணைக்குழு பெயர்களைக் கோரும். பயிற்சி கொடுத்துத் தெரிவு செய்யும். ஒவ்வொரு பகுதிக்கும் குறைந்தது 12 மத்தியஸ்தர். பிணக்கு வரும்போது ஒவ்வொரு தரப்பும் அவர்களில் ஒருவரைத் தெரிவு செய்கிறது. அவ்விருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவு செய்கின்றனர். சட்டத்தரணிச் செலவு இல்லை. தீர்ப்புத் திணிக்கப்படுவதுமில்லை. இரு தரப்பும் சம்மதித்தால்தான் இணக்கம்.

இங்கே கமக்காரர் அமைப்பு, மாதர் சங்கம், பள்ளிவாசல் நிர்வாகம், கோயில் சபை, ஆலயம் எல்லாம் பெயர் கொடுக்கலாம். ஆனால் பெயர் கோரும் அறிவித்தல் வரும்போது நாம் எங்கே இருக்கிறோம்? இடம்பெயர்ந்தவரின் சங்கங்கள் நிவாரணப் பட்டியலுக்காகக் கூடுகின்றன, இதற்காகக் கூடுவதில்லை. வரம்புச் சண்டையும், வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையும் தெரிந்த ஒரு வட்டைவிதானை, முகாமில் வாழ்ந்த ஒரு தாய், ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியர் என்போர் அந்தப் பட்டியலில் இருந்தால், பிணக்கைப் பேசும் மேசையில் எமது வாழ்க்கையை அறிந்த ஒருவராவது இருப்பார்.

இடம்பெயர்ந்தோர் கவனத்துக்கு

காணி வழக்கில் பெரும்பாலும் எம்மைத் தோற்கடிப்பது நீதவானை அறிந்த எதிராளி அல்ல, நாம் தவறவிட்ட திகதியும் தொலைத்த கடதாசியுமே.

1. உங்களைக் காணியிலிருந்து யாராவது விரட்டினால் உடனே பொலிசில் முறையிடுங்கள். 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் வழக்கு வரும்போது, அதற்கு முந்திய 2 மாதத்துக்குள் விரட்டப்பட்டவரையே நீதிபதி மீண்டும் இருத்த முடியும். பொலிஸ் அசட்டை செய்தால் நீங்களே சட்டத்தரணி மூலம் வழக்கிடலாம்.

2. அந்த 2 மாதம் கடந்துவிட்டால் உரிமையை மாவட்ட நீதிமன்றத்தில் நிறுவ வேண்டும். தனியார் காணியை ஒருவர் உங்கள் உரிமைக்கு எதிராக 10 ஆண்டு ஆண்டுவந்தால் அவர் ஆட்சியுரிமை கோரலாம். யுத்த காலத்தை அக்கணக்கிலிருந்து கழிக்க 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் வழி திறந்தது. அவ்வழி குறுகிய காலத்துக்கே திறந்திருந்தது. உங்கள் நிலை என்னவென்று சட்டத்தரணியிடம் கேளுங்கள், தாமதிக்க வேண்டாம்.

3. அரச காணியெனின், அனுமதிப் பத்திரமே உங்கள் உயிர். வெளியேற்றும் வழக்கில் நீதவான் பார்ப்பது செல்லுபடியான அனுமதி உண்டா என்பதையே. பத்திரம் தொலைந்திருந்தால் பிரதேச செயலகக் காணிப் பிரிவில் பிரதி கேளுங்கள்.

4. வயல் உள்ளே, சிங்களத்தில் நடைபெறும் நீதிமன்ற எல்லைக்குள் இருந்தால் பயப்பட வேண்டாம். தமிழில் ஆவணம் சமர்ப்பிக்கவும், அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறவும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. வாய் திறந்து கேட்க வேண்டும்.

5. தீர்ப்புப் பிழையென நினைத்தால் மேல் நீதிமன்றம் உண்டு. 66 ஆம் பிரிவுக் கட்டளைக்கு மேன்முறையீடு இல்லை, ஆனால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கோரலாம். நீதிபதியின் நடத்தையே பிழையெனில் நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளருக்கு எழுத்தில் முறையிடலாம். இரண்டும் வெவ்வேறு பாதைகள், கலக்க வேண்டாம்.

6. "ஐயாவோடு கதைக்கிறேன்" என்பவரிடம் காசு கொடுக்க வேண்டாம். அவர் ஒன்றில் பொய் சொல்கிறார், அல்லது உங்களையும் குற்றவாளியாக்குகிறார். நீதிபதியின் வேலையில் தலையிடுவது அரசியலமைப்பின்படி குற்றமாகும்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் போகவே கூடாதா? போகலாம். வீதிக்கும் வாய்க்காலுக்கும் போகலாம். இடம்பெயர்ந்தோரின் காணிக்கெனச் சட்டம் கொண்டுவரும்படி கேட்கலாம். அந்தச் சட்டங்களைச் செய்வது அவர் கடமை. அவற்றைக் கொண்டு ஒரு வழக்கைத் தீர்ப்பது அவர் கடமையல்ல. எமது பக்கத்துக்காக இன்று அந்த வரம்பை உடைத்தால், நாளை அதே உடைப்பால் எதிராளியின் வெள்ளம் எமது வயலுக்குள் வரும்.

உங்கள் பகுதி மத்தியஸ்த சபைக்குப் புதிய உறுப்பினர் பெயர்களை எப்போது கோருவார்கள் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரித்து, அடுத்த சங்கக் கூட்டத்தில் ஒரு பெயரையாவது தீர்மானிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.